மஞ்சள் வேனும் இரண்டு ஓரகத்திகளும்

நான் வேலை பார்த்த டிரஸ்ட்டின் ஆபீஸ் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருந்தது. கீழே பெயிண்ட் டப்பாவும் பிவிசி குழாயும் விற்றார்கள். மேலே நாங்கள் உள்ளூர்த் திறன் வளர்த்துக்கொண்டிருந்தோம். வியாபாரம் அவர்களுக்கு அதிகம், பேச்சு எங்களுக்கு அதிகம்.

'உள்ளூர்த் திறன்' என்பது எங்கள் டைரக்டர் சாருக்குப் பிடித்த சொல். பேங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, சொந்த வீட்டு வாடகையில் கொஞ்சத்தைப் போட்டு டிரஸ்ட்டை நடத்திய நல்ல மனிதர். எந்தக் கூட்டமானாலும், "மக்கள்தான் நடத்தணும், நாம ஒதுங்கி நிக்கணும்" என்று தொடங்குவார். தொடங்கி ஒன்றரை மணி நேரம் பேசுவார். அதுவரை யாரும் ஒதுங்க முடியாது.

எனக்கு அப்போது சமூகப்பணிப் படிப்பு முடித்த புதுசு. கையில் சார்ட் பேப்பர் சுருள், பையில் நாலு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. வாரத்துக்கு ஒரு நாள் தாம்பரத்தில் பஸ் ஏறி, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்குப் போவேன். மீன் விற்கும் பெண்கள் குழு ஒன்று அங்கே எங்கள் பொறுப்பில் இருந்தது. அப்படித்தான் நாங்கள் சொல்லிக்கொண்டோம். நான் அவர்கள் பொறுப்பில் இருந்தேன் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

சுனாமி வந்துபோய் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெண்களுக்கு ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். மெழுகுவத்தி, பினாயில், பேப்பர் பை, ஊதுவத்தி. கடல் காற்றில் ஒரு மெழுகுவத்தி ஒரு நிமிஷம் நின்று எரியாத ஊரில், வீட்டுக்கு வீடு மெழுகுவத்திச் சான்றிதழ் லேமினேட் செய்து மாட்டியிருந்தது. நான் முதல் தடவை சமுதாயக் கூடத்துச் சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி 'திறன்' என்று பெரிதாக எழுதியதும் குழுத் தலைவி அக்கா கேட்ட கேள்வி இதுதான்:

"இன்னாமா, திருப்பியும் மெழுகுவத்தியா?"

இல்லை என்றேன். உங்களுக்கு என்ன தேவையோ அதை நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லி, சத்தமே போடாமல் பேசுவார். அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"எங்களுக்கு மீன் விக்கத் தெரியும்மா. அத எடுத்துகினு போவத்தான் வழி கெடையாது. அன்னக்கூடைய பாத்தா பஸ்சு நிக்காது. கண்டக்டரு தொலவுலயே விசில் ஊதிட்டுப் போய்க்கினே கீறான். ஷேர் ஆட்டோக்காரன் மூக்கப் புடிக்கிறான். மேடவாக்கத்துல புச்சு புச்சா ஃப்ளாட்டு வந்து கீது, அங்க கீற ஜனத்துக்கு மீன் வோணும். எங்களுக்கு ஒரு வண்டி வோணும். அவ்ளோதான்."

நான் சார்ட் பேப்பரில் 'வண்டி' என்று எழுதினேன். மிச்சம் மூன்று கலர் பேனா வீணாகப் போனது.

டைரக்டர் சார் இந்த விஷயத்தில் வேகமாக இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடம் தன் பழைய ஆம்னி வேனைக் கழித்துக்கட்டப் பார்த்தது. பேசி வாங்கிக் கொடுத்துவிட்டார். பின் சீட்டுகளைக் கழற்றி ஐஸ் பெட்டிகள் வைத்தோம். மஞ்சள் நிறத்தை மாற்றவில்லை. 'பள்ளி வாகனம்' என்ற எழுத்தைத் தலைவி அக்கா சுரண்டச் சொன்னார். சுரண்டியும் 'பள்ளி' போகவில்லை. முதல் வாரமே மேடவாக்கத்தில் ஒரு அம்மா யூனிஃபார்ம் போட்ட பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வேனை நோக்கி ஓடிவந்தார். கதவைத் திறந்ததும் வந்த வாடையில் பையன் முதலில் பின்வாங்கினான். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போனார்.

வண்டி வந்துவிட்டது. ஓட்ட டிரைவர் வேண்டுமே? சேலையூரில் இருந்து ஒருவரை டைரக்டர் சார் பிடித்துக் கொடுத்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார். டாஷ்போர்டில் ஒரு மல்லிகை வாசனை டப்பா வைத்தார், பிறகு இன்னொன்று வைத்தார். மல்லிகையும் மத்தியும் கலந்த அந்த வாடையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் செவ்வாய், வெள்ளி மீன் வண்டியைத் தொடமாட்டார். மற்ற நாட்களில் அவருக்குத் தோன்றிய நேரத்துக்கு வருவார். கரையில் படகு வந்து, ஏலம் முடிந்து, ஐஸ் போட்ட மீனை வைத்துக்கொண்டு குழு முழுக்கச் சாலையைப் பார்த்து நிற்கும். டிரைவர் வந்ததும், "கிளம்பலாமா, ஏன் லேட்டு?" என்று கேட்பார்.

ஒரு கூட்டத்தில் தலைவி அக்கா சொன்னார்: "வண்டி எங்களுது. டைம் மட்டும் அவருது. இது சரிப்படாது. எங்கள்ல ஒருத்தி ஓட்டக் கத்துக்கணும்."

அன்று டைரக்டர் சாரும் வந்திருந்தார். அவருக்கு முகம் மாறிவிட்டது. "டிரைவிங் எல்லாம் ரிஸ்க்குமா. இன்ஷூரன்ஸ் இருக்கு, லைசென்ஸ் இருக்கு, ரோடு வேற…"

"சார், ஒதுங்கி நிக்கிறேன்னு நீங்கதான சொன்னீங்க," என்றார் தலைவி அக்கா, எப்போதும் போல மெதுவாக. "ஒதுங்கி நின்னாத்தான சார் வண்டி வரும்?"

சார் சிரித்தே விட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

யார் கற்றுக்கொள்வது என்று தலைவி கேட்டதும் இரண்டு கை உயர்ந்தது. இரண்டும் ஒரே வீட்டுக் கை. அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் அவர்கள். மூத்தவருக்கு நாற்பது இருக்கும். தெருவில் நின்று "வஞ்சிரம்" என்றால் நாலாவது மாடியில் கதவு திறக்கும், அப்படி ஒரு குரல். இளையவர் பத்தாவது வரை படித்தவர், எதையும் யோசித்துச் செய்பவர். இருவரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு ஃப்ரிட்ஜ். இளையவர் வாங்கிய ஃப்ரிட்ஜில் மூத்தவர் ஒரு நாள் விற்காத சங்கரா மீனை வைத்துவிட்டார். ஃப்ரிட்ஜில் மீன் வைக்கக் கூடாது என்று இளையவர் சொல்லிவிட்டார். "மீன்காரி வூட்டு ஃப்ரிட்ஜுல மீன் வெக்கக் கூடாதாம், வேற இன்னா வெக்கிறது, ஆப்பிளா?" என்று மூத்தவர் கேட்டது குப்பம் முழுக்கக் கேட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

இளையவருடைய கைதான் முதலில் உயர்ந்தது. அதைப் பார்த்துத்தான் மூத்தவர் கையைத் தூக்கினார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மூத்தவர் மூத்தவர். அவருக்கே வாய்ப்பு என்று முடிவானது.

டிரைவிங் மாஸ்டர் தாம்பரத்துக்காரர். எல்லாரும் அவரை பாய் என்று கூப்பிட்டார்கள். ஓஎம்ஆர் கம்பெனிகளுக்குப் போகும் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அவர்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருப்பார். யாரையும் 'அம்மா' என்றே பேசுவார், எதற்கும் அதிர மாட்டார். அவர் காரில் அவருடைய காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருந்ததால் அந்த நிதானமோ என்னவோ. பெரும்பாக்கம் பக்கம் பிளாட் போட்டுக் கல் நட்டு, வீடு இன்னும் வராத ஒரு லேஅவுட்டில் பாடம் நடந்தது. பின் சீட்டில் நான். மூத்த அக்காவின் வீட்டுக்காரர், "ஆபீஸ் பொண்ணு கூடப் போனா சரி" என்று சொல்லியிருந்தார். கடலில் எஞ்சின் படகு ஓட்டுகிறவர் அவர். சைக்கிள் விடத் தெரியாது.

முதல் நாள் ஒரு மாடு குறுக்கே வந்தது.

"அம்மா, ஹாரன் அடிங்க," என்றார் பாய்.

அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தார். மாடு ஓடியது. கொஞ்ச தூரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரும் வேலையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"வாயால இல்லம்மா. கையால."

"நான் கூப்டாலே நவுந்துச்சே பாய். அப்பறம் இன்னாத்துக்கு ஹாரனு?"

கிளச்சை விடுவது அவருக்குப் பிடிபடவே இல்லை. கார் குதித்துக் குதித்து நிற்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் காரைத்தான் திட்டுவார். குழுவில் வேலையில்லாதவர்கள் வந்து நட்ட கற்களின் மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். இளையவரும் வருவார். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாமையைத்தான் மூத்தவரால் தாங்க முடியாது. "மாடலாட்டம் ஒக்காந்துகினு கீறா பாரு," என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு அடுத்த குதிப்புக்குத் தயாராவார்.

இரண்டு மாதத்துக்குள் ஓட்ட வந்துவிட்டது. லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ஆர்டிஓ ஆபீஸ் போனோம். பக்கத்தில் உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் வாயே திறக்காத மனிதர். அக்காவுக்கு மௌனம் ஒத்துவராது. கொஞ்ச தூரம் ஓட்டியதும், "சாருக்கு எந்த ஏரியா? வஞ்சிரம் சாப்டுவீங்களா? வூட்டாண்டயே கொண்டாந்து தரேன்," என்று ஆரம்பித்தார். வியாபாரப் பழக்கம்தான். அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்விட்டார். ஃபெயில்.

அடுத்த தடவை பாய் ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார்: "அம்மா, அவர் இறங்குற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க." அக்கா முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டினார். பாஸ்.

வெள்ளைச் சட்டை டிரைவரும் அதே சமயத்தில் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டப் போய்விட்டார். யாருக்கும் வருத்தமில்லை.

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அக்கா வண்டி ஓட்ட ஆரம்பித்த வாரத்தில் மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒரு தண்ணி லாரி எதிரே வந்து நின்றது. லாரிக்காரன் பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அக்காவுக்கு ரிவர்ஸ் கியர் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதனால் இறங்கினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் பேசியதை நான் எழுத முடியாது. லாரி பின்னால் போனது. அதன் பின்னால் நின்ற ஆட்டோ, பைக், கம்பெனி பஸ் எல்லாமும் போயின. அன்றிலிருந்து அந்தத் தெருக்களில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஃப்ளாட்டுப் பெண்கள் செல்போனில் போட்டோ எடுத்தார்கள்.

எங்கள் டைரக்டர் சாரும் மாறிவிட்டார். ரிஸ்க் என்றவர், ஆண்டறிக்கை அட்டையில் அக்கா ஸ்டியரிங் பிடித்திருக்கும் படத்தைப் போட்டார். விருந்தினர்களை அழைத்துவந்து காட்டினார். அக்கா வேனில் சாய்ந்து நின்று, கூலிங் கிளாஸ் போட்டு, போஸ் கொடுப்பார். அதற்குள் ஐஸ் உருகும். பின்னால் நாலு பெண்கள் மீனோடு உட்கார்ந்து, "வர்றியா இல்லியாக்கா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

போகப் போக அவர் அந்த வெள்ளைச் சட்டை டிரைவரைவிட மோசமாகிவிட்டார். கிளம்பும் நேரம் அவர் வைத்ததுதான். முன் சீட்டில் யார் உட்காருவது என்பதும் அவர் இஷ்டம். வழியில் பூ வாங்க நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார். அவருக்குக் காபி வேண்டும் என்றால் நிறுத்துவார். எதிர்த்துப் பேசினவர் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றார். சாவியை முந்தானையில் முடிந்து, தூங்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை என்று சொன்னார்கள். தலைவி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் அறிக்கையில் 'பெண் தலைமை வலுப்பெறுகிறது' என்று எழுதினேன்.

அந்த மழைக்காலத்தை ஒட்டி எங்கும் சிக்குன்குனியா. மூத்த அக்கா படுத்துவிட்டார். கை முட்டி, கால் முட்டி எல்லாம் வீங்கி, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத நிலை. வேன் சமுதாயக் கூடத்து வாசலில் நின்றது. பெண்கள் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போனார்கள். ஃப்ளாட்டுகளில் வாடிக்கையாய் வாங்கினவர்கள் ஒரு வாரம் பார்த்தார்கள், பிறகு சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் மீன் வாங்க ஆரம்பித்தார்கள். நாங்கள் வளர்த்த உள்ளூர்த் திறன் மொத்தமும் பாயில் சுருண்டு படுத்து, கஞ்சி வேண்டாம் என்று முனகிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் நானும் காய்ச்சலில் தாம்பரத்தில் கிடந்தேன். அதனால் அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. தலைவி சொல்லித்தான் தெரியும்.

இவர்களே கூட்டம் போட்டிருக்கிறார்கள். சார்ட் பேப்பர் இல்லை, ஸ்கெட்ச் பேனா இல்லை, வரவேற்புரைகூட இல்லை. "ஒருத்தி படுத்தா எல்லாரும் படுக்கணுமா?" என்று தலைவி கேட்டிருக்கிறார். வண்டி ஓட்ட எப்போதும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சாவி யார் முந்தானையிலும் கிடையாது, கூடத்தில் ஆணியில் தொங்கும். நேரத்தை ஓட்டுகிறவள் வைக்கக் கூடாது, கரையில் ஏலம் முடிகிற நேரம்தான் நேரம். முன் சீட்டு முறை வைத்து. இதெல்லாம் முடிவானதும் இளைய அக்கா, "நான் கத்துக்கறேன்" என்றிருக்கிறார். பிறகு எல்லாரும் எழுந்து நேராக மூத்தவர் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கேட்டார்கள்.

"குடுத்தாங்களா?" என்றேன்.

"அழுதா. குடுக்க மாட்டேன்னா. 'நான் செத்தா எடுத்துக்கோங்கடி'ன்னா. நான் பக்கத்துல ஒக்காந்து கஞ்சி ஊட்னேன். ஊட்டி முடிச்சிட்டு, 'இந்தக் கையால ஒனக்கே டம்ளர் புடிக்க முடியல, சாவிய இன்னா பண்ணப் போற'ன்னேன். அவுத்துக் குடுத்துட்டா. பேஜாரு புடிச்சவ, ஆனா நல்லவ."

ஆபீஸுக்கு வந்து டைரக்டர் சாரிடம் சொன்னேன். அவர் உற்சாகமாக, "இதத்தான் நான் எதிர்பார்த்தேன். எப்படி சாதிச்சோம்னு எழுதும்மா," என்றார். 'நாங்கள் யாரும் இல்லாதபோது இது நடந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அடித்துவிட்டு, 'எங்கள் தொடர்ந்த வழிகாட்டுதலின் பயனாக' என்று திருத்தினார். இரண்டையும் படித்துப் பார்த்தேன். அவருடையதுதான் படிக்க நன்றாக இருந்தது.

இளைய அக்காவுக்கும் பாயே கற்றுக்கொடுத்தார். அவர் நிதானமாகக் கற்றுக்கொண்டார், கார் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. பார்க்க வந்தவர்களுக்குச் சுவாரஸ்யமே இல்லை. லைசென்ஸ் வந்த பிறகு வேனில் பழக வேண்டும் அல்லவா, அங்கேதான் சிக்கல். வேனின் குணம் மூத்தவருக்குத்தான் தெரியும். மூன்றாவது கியர் எங்கே மாட்டும், பிரேக்கை எங்கே மிதித்தால் எங்கே நிற்கும் என்பதெல்லாம். வீக்கம் வடிந்து அவர் நடக்க ஆரம்பித்திருந்தார். யாரும் கூப்பிடாமலே ஒரு நாள் வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பேச்சுவார்த்தை கிடையாதே. நடுவில், பின்னால் ஐஸ் பெட்டி மேல், நான்.

"அவள கிளச்ச மெதுவா வுடச் சொல்லும்மா."

"கிளச்ச மெதுவா விடச் சொல்றாங்கக்கா."

"மெதுவாத்தான் விடறேன்னு சொல்லுங்க மேடம்."

"மெதுவாத்தான்…"

"காதுல வுய்ந்துச்சு. கண்ணாடியப் பாக்கச் சொல்லு."

ரொம்ப தூரம் இப்படியே போனது. ஒரு முதுகலைப் பட்டம் பெற்றவள் நான். சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டும்போது பக்கவாட்டில் ஒரு கம்பெனி பஸ் உரசுகிற மாதிரி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"லெஃப்டு ஒடிடீ, லெஃப்டு! பயப்படாத, இடம் கீது, இடம் கீது… ஆங், அப்டிதான்."

பஸ் போய்விட்டது. இளையவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். மூத்தவர் வெளியே பார்த்தார்.

"ரெண்டு வருஷமா என்னாண்ட ஒரு வார்த்த பேசல," என்றார் இளையவர், இந்தத் தடவை என் வழியாக இல்லாமல். "பேசினதும் 'டீ'தானா?"

"பின்ன, மேடம்னு கூப்பிடணுமா ஒன்ன?" என்றார் மூத்தவர். பிறகு, "தண்ணி குடி. வண்டிய நான் எடுக்கவா, நீயே ஓட்றியா?"

"நானே ஓட்றேன்."

"ஓட்டு."

அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. நான் உட்கார்ந்திருந்த பெட்டியின் ஐஸ் உருகி என் பாவாடை வரை நனைந்திருந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை.

அடுத்த சில மாதங்களில் அந்தக் குழு நான் வரைந்து வைத்திருந்த எந்தத் திட்டத்திலும் இல்லாததையெல்லாம் செய்தது. திரும்பி வரும்போது வண்டி காலியாக வருகிறதே என்று குப்பத்துக் கடைகளுக்குக் காய்கறியும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் காய்கறியில் மத்தி வாடை என்று கடைக்காரர் சண்டை போட்டார். அதற்குப் பிறகு பெட்டிகளைக் கழுவும் முறை ஒன்று வந்தது. மூத்தவரும் இளையவரும் யார் எந்த நாள் ஓட்டுவது என்று வாரம் தவறாமல் சண்டை போட்டார்கள். பேசாமல் இருந்ததைவிட அது சத்தம் அதிகம். ஆனால் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

ஒரு நாள் கூட்டம் முடிந்து நான் சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தலைவி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வாரா வாரம் அவ்ளோ தூரத்துலேந்து வர்றியேமா. ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"பரவால்லக்கா."

"அதுக்கில்ல. நீ வந்தா இவளுங்க வேலய வுட்டுட்டு ஒக்கார வேண்டி கீது. நீ எழுதறதுக்காவ நாங்க பேச வேண்டி கீது. மாசத்துக்கு ஒரு வாட்டி வாயேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுகூட மீட்டிங்குக்கு வராத. சாப்ட வா."

பஸ்ஸில் வரும்போது மேடவாக்கம் வரைக்கும் எனக்குக் கோபமாக இருந்தது. அவர்களுக்காக எவ்வளவு அலைந்தேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். மேடவாக்கத்தில் டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்றோம். அந்த அரை மணி நேரத்தில், இத்தனை நாளாக நாங்கள் சுவரில் ஒட்டிய ஒவ்வொரு பேப்பரும் இந்த நாள் வர வேண்டும் என்றுதானே சொன்னது என்று தோன்றியது. தோன்றியும் கோபம் போகவில்லை. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

டைரக்டர் சார் அந்தக் குழுவை 'நிறைவடைந்த திட்டம்' என்று அறிவித்து, என்னைச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேறொரு குழுவுக்கு அனுப்பினார். அங்கே பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்க நினைத்த பெண்கள் இருந்தார்கள். அது வேறு விதமான கூத்து.

குப்பத்துக்கு அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போனேன். சார்ட் பேப்பர் கொண்டுபோகவில்லை. ஒரு ஸ்வீட் பெட்டிதான். மூத்த அக்கா வீட்டில் சுறாப் புட்டு, இளைய அக்கா வீட்டில் நண்டு. இரண்டு வீட்டிலும் சாப்பிட வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். எந்த வீட்டில் முதலில் என்பதில் மட்டும் முடிவுக்கு வரவில்லை. நான் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, அவர்கள் சண்டை முடியட்டும் என்று வேன் நிழலில் போய் உட்கார்ந்தேன்.